ஐயோவாவில் ஒரே தேர்தல், மூன்று வெற்றியாளர்கள்

2012 ஜனவரி 3 அன்று ஐயோவா மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் காகஸ், அதாவது அதிபர் வேட்பாளர் யார் என்று கட்சிக்காரர்கள் ஊர்தோறும் கூடி வாக்களிக்கும் கூட்டம், நடந்தது. மிட் ராம்னி 8 வாக்கு வித்தியாசத்தில் முதலிடம் என்று அறிவித்தார்கள். ஒரு வாரம் கழித்து நியூ ஹாம்ப்ஷயரிலும் அவரே ஜெயித்தார். அதிபர் பதவியில் இல்லாத குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் இந்த இரண்டையும் சேர்த்து ஜெயித்ததே இல்லை, இனி இவரைப் பிடிக்க முடியாது என்று தொலைக்காட்சி விமர்சகர்கள் பேசித் தீர்த்தார்கள். ஜனவரி 19-ல் சரிபார்த்த கணக்கு வந்தது. ரிக் சாண்டோரம் 34 வாக்கு கூடுதலாக வாங்கியிருந்தார். எட்டு வாக்குச்சாவடிகளின் கணக்கு கடைசிவரை கிடைக்கவே இல்லை. ஆகஸ்டில் டாம்பா நகரில் கட்சி மாநாடு கூடியபோது ஐயோவாவின் 28 டெலிகேட்டுகளில், அதாவது வேட்பாளரை முடிவு செய்யும் மாநாட்டுப் பிரதிநிதிகளில், 22 பேர் ரான் பாலுக்கு வாக்களித்தார்கள். ஜனவரியில் அவர் வந்தது மூன்றாம் இடம்.

இதில் மோசடி எதுவும் கிடையாது. அன்றைய விதிப்படி காகஸ் இரவில் போட்ட வாக்கு வெறும் கருத்துக்கணிப்பு மாதிரி; டெலிகேட்டுகளை அது கட்டுப்படுத்தவில்லை. வாக்கைப் போட்டுவிட்டுப் பெரும்பாலானவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ரான் பால் ஆட்கள் உட்கார்ந்திருந்து, கவுன்டி (மாநிலத்தின் உட்பிரிவு) மாநாட்டுக்கு யாரை அனுப்புவது என்ற அடுத்த வேலையிலும் கை தூக்கினார்கள். கவுன்டியிலிருந்து காங்கிரஸ் தொகுதி, தொகுதியிலிருந்து மாநிலம் என்று படிப்படியாக ஏறி இடங்களைப் பிடித்தார்கள். விதிப் புத்தகத்தில் எல்லாம் இருந்தது. ஆனால் ஜனவரி 3 இரவு ஸ்டூடியோ மேசையில் பேசப்பட்டது அந்த 8 வாக்கு மட்டும்தான்.

அமெரிக்க பிரைமரிகளை, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடக்கும் முதற்கட்டத் தேர்தல்களை, தொலைக்காட்சி வழியாகப் பின்தொடர்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது, விமர்சகர்கள் ஒரு வேட்பாளரை எதோடு வைத்து அளக்கிறார்கள் என்பதை. எதிராளியோடு வைத்து அளப்பதாகத்தான் தோன்றும். உண்மையில் அவர்களின் அளவுகோல் ‘எதிர்பார்ப்பு’. அந்த எதிர்பார்ப்பை முந்தைய வாரம் முடிவு செய்தவர்களும் அவர்களேதான்.

1968-ல் நியூ ஹாம்ப்ஷயரில் அதிபர் லிண்டன் ஜான்சன் சுமார் 49 சதவீதம் வாங்கினார், சொந்தக் கட்சியிலேயே அவரை எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்தி 42. வாக்குச்சீட்டில் ஜான்சனின் பெயரே இல்லை. ஆதரவாளர்கள் கையால் எழுதிப் போட்டும் அவர்தான் முதலிடம். ஆனால் செய்தி ‘மெக்கார்த்தி வெற்றி’ என்றுதான் போனது. அந்த மாதக் கடைசியில் ஜான்சன் போட்டியிலிருந்தே விலகினார். வியட்நாம் போரும் ராபர்ட் கென்னடி களத்தில் இறங்கியதும் பெரிய காரணங்கள் என்றாலும், அந்த 42-க்கு ஊடகம் ஏற்றிய எடையும் அதில் சேரும். 1972-ல் அதே நியூ ஹாம்ப்ஷயரில் எட்மண்ட் மஸ்கி 46 சதவீதம் வாங்கி முதலிடம் வந்தார், ஜார்ஜ் மெக்கவர்ன் 37. மஸ்கி பக்கத்து மாநிலமான மெயினைச் சேர்ந்தவர், பாதிக்கு மேல் வாங்கியிருக்க வேண்டாமா என்று கேட்டு அவரை இறக்கிவிட்டார்கள். 1976 ஐயோவாவில் ஜிம்மி கார்ட்டர் வாங்கியது 28 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. ‘யாருக்கும் உறுதி சொல்லவில்லை’ என்ற தரப்பு 37 சதவீதம். யாருமே ஜெயிக்காத இடத்தில் கார்ட்டர் ஜெயித்தவராகிவிட்டார்.

இந்த விளையாட்டை நன்றாகப் புரிந்துகொண்டு ஆடியவர் பில் கிளிண்டன். 1992 நியூ ஹாம்ப்ஷயரில் பால் சாங்கஸ் 33 சதவீதம், கிளிண்டன் 25. எட்டுப் புள்ளியில் தோல்வி. ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில் ஜெனிஃபர் ஃப்ளவர்ஸ் என்ற பெண்ணோடு உறவு வைத்திருந்தார் என்ற விவகாரமும், ராணுவ சேவையைத் தவிர்த்ததாக எழுந்த சர்ச்சையும் அவரைக் கீழே தள்ளியிருந்தன. அந்தப் பள்ளத்திலிருந்து பார்த்தால் 25 உயரமாகத் தெரிந்தது. தனக்கு ‘மீண்டு வந்த பையன்’ என்று தானே பட்டம் கட்டிக்கொண்டு மேடையில் பேசினார். மறுநாள் செய்தியில் சாங்கஸைத் தேட வேண்டியிருந்தது.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது? கடைசி வாரக் கருத்துக்கணிப்பு, கையிருப்புப் பணம், வேட்பாளர் எந்த ஊர்க்காரர், இவற்றோடு பிரசாரக் குழுவினர் நிருபர்களிடம் ‘பெயர் போடாதீர்கள்’ என்று சொல்லிக் கசியவிடும் எண். கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் வேடிக்கை. 30 வரும் என்று உள்ளுக்குள் கணக்கிட்டிருப்பவர்கள் வெளியே 22 வந்தாலே பெரிது என்பார்கள். மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். அவர்களில் பலர் முன்பு அந்தக் குழுக்களில் இருந்து இதையே செய்தவர்கள்தான்.

கருத்துக்கணிப்பு எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. 500 பேரைக் கேட்டால் பிழை எல்லை, அதாவது உண்மை எண் கூடவோ குறையவோ இடமுள்ள அளவு, சுமார் 4.4 புள்ளி என்று திரையின் ஓரத்தில் போடுவார்கள். அது ஒரு வேட்பாளரின் சதவீதத்துக்கு மட்டும். ஒருவர் 40, இன்னொருவர் 32 என்றால் நடுவில் உள்ள இடைவெளிக்கான பிழை எல்லை ஏழு புள்ளியைத் தாண்டும். ‘எட்டுப் புள்ளி முன்னிலை’ என்று அழுத்திச் சொல்லும்போது அந்த எட்டு, பிழை எல்லையின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பிரைமரியில் இன்னொரு சிக்கல், யார் வாக்களிக்க வருவார்கள் என்றே சரியாகத் தெரியாது. நியூ ஹாம்ப்ஷயரில் கட்சி சாராமல் பதிவு செய்தவர்கள் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் வாக்களிக்கலாம். எந்தப் பக்கம் போவதென்று கடைசி நாள்வரை முடிவு செய்யாதவர்கள் உண்டு.

2008 ஜனவரி 8 அன்று அங்கே ஒபாமா எட்டுப் புள்ளி போல முன்னிலை என்று கணிப்புகளின் சராசரி சொன்னது. ஹிலாரி கிளிண்டன் இரண்டரைப் புள்ளியில் ஜெயித்தார். முந்தின நாள் போர்ட்ஸ்மவுத் காபிக் கடையில் அவர் கண் கலங்கியதுதான் காரணம் என்று அன்றிரவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கருத்துக்கணிப்பு ஆய்வாளர்களின் சங்கம் பிறகு நிதானமாக ஆராய்ந்தபோது கிடைத்தது இவ்வளவு கவர்ச்சியான காரணம் இல்லை: ஐயோவாவுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் இடையே ஐந்தே நாள், கணிப்புகள் சீக்கிரமே முடிந்துவிட்டன, தொலைபேசியில் எளிதில் பிடிக்க முடியாதவர்களிடம் கிளிண்டனுக்கு ஆதரவு கூடுதலாக இருந்தது. 2016 மிச்சிகனில் இதைவிடப் பெரிய சறுக்கல். கிளிண்டன் 20 புள்ளிக்கு மேல் முன்னிலை என்றார்கள். அவரோடு மோதிய பெர்னி சாண்டர்ஸ் ஒன்றரைப் புள்ளியில் ஜெயித்தார். 2008-ல் மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமா பெயர் இல்லாததால், யார் வருவார்கள் என்று கணக்குப் போட உருப்படியான பழைய தேர்தலே கணிப்பாளர்கள் கையில் இல்லை.

மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சேனலோடு ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் வாங்கும் ‘பங்களிப்பாளர்’ ஒரு வகை. இன்னொரு சேனலில் போய்ப் பேச அவருக்கு அனுமதி இல்லை. அவர்களில் பலர் முன்னாள் பிரசார மேலாளர்கள், அடுத்த தேர்தலில் மறுபடி வேலைக்குப் போகக்கூடியவர்கள். நாளைக்கு முதலாளியாக வரக்கூடியவரைப் பற்றி இன்றைக்குக் கறாராகப் பேச யாருக்கு மனம் வரும்? 2016 ஜூனில் டிரம்ப்பின் பிரசார மேலாளர் கோரி லெவன்டோவ்ஸ்கியைப் பதவி நீக்கியதும், சில நாளில் சிஎன்என் அவரைப் பங்களிப்பாளராக எடுத்துக்கொண்டது. பிரசாரத்திலிருந்து பணிநீக்க இழப்பீடும் அவருக்கு வந்துகொண்டிருந்தது. அதே சேனலின் பங்களிப்பாளர் டோனா பிரேசில், வசந்த கால பிரைமரி நிகழ்ச்சிகளில் வரப்போகும் கேள்விகளை முன்கூட்டியே கிளிண்டன் தரப்புக்குச் சொன்னது மின்னஞ்சல்கள் கசிந்தபோது வெளியே வந்தது. சேனல் அவரோடு உறவை முறித்துக்கொண்டது.

பத்திரிகையாளர்கள் இரண்டாம் வகை. அவர்களுக்குத் தகவல் உண்டு. ஆனால் கொடுத்தவர்களின் பார்வையும் அந்தத் தகவலோடு ஒட்டிக்கொண்டு வரும். மூன்றாவது, வாக்கு எண்ணிக்கை வரைபடத்தின் முன்னால் நிற்பவர். அன்றிரவு உருப்படியாக எதையாவது கற்றுத் தருபவர் பெரும்பாலும் இவர்தான். நடுவே மேசைக்குத் திரும்பும்போது ஒலியைக் குறைத்துக்கொள்ளலாம். உளவியலாளர் பிலிப் டெட்லாக் இருபது ஆண்டுகளாக 284 வல்லுநர்களின் அரசியல் கணிப்புகளைச் சேகரித்து ஒப்பிட்டதில், ஊடகத்தில் அதிகம் தென்படுபவர்களின் கணிப்பு மற்றவர்களுடையதைவிட மோசமாக இருந்தது. உறுதியாகப் பேசுகிறவரைத்தான் மறுபடி அழைக்கிறார்கள், சந்தேகத்தோடு பேசுகிறவரை யாரும் அழைப்பதில்லை என்பதை வைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை.

ஜனநாயகக் கட்சியில் போட்டியிட்ட ஹோவர்ட் டீனின் கூச்சல் விவகாரத்தை ஒலிப்பதிவு தெரிந்தவர்கள் வேறு மாதிரிப் பார்ப்பார்கள். 2004 ஜனவரி 19, ஐயோவா. ஜான் கெர்ரி 38 சதவீதம், ஜான் எட்வர்ட்ஸ் 32, அதுவரை முன்னணியில் இருப்பதாகச் சொல்லப்பட்ட டீன் 18. தோற்ற தொண்டர்களை உற்சாகப்படுத்த அவர் மாநிலங்களின் பெயரை அடுக்கிக் கத்தினார், கடைசியில் ஒரு வீறிடல். அவர் கையில் இருந்தது சுற்றுச் சத்தத்தை வடிகட்டும் மைக். அது வாய்க்கு நேரே வரும் ஒலியை மட்டும் வாங்கும். அந்த மைக்கிலிருந்து நேராக, நிருபர்கள் கேமராவைச் செருகும் ஒலிப்பெட்டிக்கு வயர் போயிருந்தது. அரங்கில் இருந்தவர்களுக்குக் கூட்டத்தின் இரைச்சலில் டீனின் குரலே சரியாகக் கேட்கவில்லை. வீட்டில் பார்த்தவர்களுக்கு இரைச்சலே கேட்கவில்லை. அமைதியான அறையில் ஓர் ஆள் வெறி பிடித்துக் கத்துவதுபோல் இருந்தது. கூட்டத்தில் நின்றவர்கள் எடுத்த ஒலியைப் போட்டுக் கேட்டால் அது வேறு நிகழ்ச்சி. நான்கு நாளில் தேசியச் செய்திச் சேனல்கள் அதை 633 முறை ஒளிபரப்பியதாக அப்போது கணக்கெடுத்தார்கள். அளவுக்கு மீறிப் போட்டுவிட்டோம் என்று பின்னால் சிஎன்என் தரப்பே ஒப்புக்கொண்டது.

அந்தக் கூச்சல்தான் டீனை வீழ்த்தியது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். மூன்றாம் இடம் வந்த பிறகுதான் அவர் கத்தினார் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

2015-16-ஐ விமர்சகர்களின் பெருந்தோல்வி என்பார்கள். எப்படித் தோற்றார்கள் என்பதைப் பிரித்துப் பார்ப்பதுதான் பயனுள்ளது. ஜூன் 16-ல் டிரம்ப் அறிவித்தார். ஜூலை 18-ல் ஜான் மெக்கெயினின் போர்க்கைதி அனுபவத்தை இழிவாகப் பேசினார், இதோடு கதை முடிந்தது என்றார்கள். ஒரு வாரம் கழித்து ஏபிசி சேனலின் ஞாயிறு நிகழ்ச்சியில் காங்கிரஸ் உறுப்பினர் கீத் எலிசன், இவர் குடியரசுக் கட்சி வேட்பாளராகவே வரலாம், தயாராக இருங்கள் என்றார். நடத்துநரும் பக்கத்தில் இருந்த நிருபரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பின் காணொளி இன்றும் சுற்றுகிறது.

சிரிப்புக்குப் பின்னால் இரண்டு கோட்பாடுகள் இருந்தன. ஒன்று ‘உச்சவரம்பு’: டிரம்ப்புக்கு 30, 35 சதவீதத்துக்கு மேல் ஏறாது, மற்றவர்கள் விலக விலக அந்த வாக்கெல்லாம் ஒன்று சேர்ந்து அவரை வீழ்த்தும். போட்டியில் இருந்தவர்கள் 17 பேர். அவர்கள் சரியான நேரத்தில் விலக வேண்டும், விலகுபவரின் வாக்காளர்கள் எல்லாரும் ஒரே இடத்துக்குப் போக வேண்டும், அதற்குள் டெலிகேட் தீர்ந்துவிடக் கூடாது. மூன்றுமே நடக்கவில்லை. தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம், ரூபியோவும் க்ரூஸும் ஆளுக்கு 22 சொச்சம். அங்கே மாநில அளவில் முதலிடம் வந்தவருக்கு 29 டெலிகேட், ஏழு காங்கிரஸ் தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் முதலிடம் வந்தவருக்கு 3. ஏழிலும் டிரம்ப். ஆக 50-க்கு 50. மூன்றில் ஒரு பங்கு வாக்குக்கு மொத்த டெலிகேட்டும் கிடைக்கும்போது உச்சவரம்பைப் பற்றி யாருக்குக் கவலை?

இரண்டாவது கோட்பாடு ‘பாதை’. கட்சி மேலிடப் பாதை, மதப்பற்றாளர் பாதை, கலகக்காரர் பாதை என்று பிரித்து, ஒரு பாதையில் ஓடுபவர் விலகினால் வாக்கு அதே பாதையில் அடுத்தவருக்குப் போகும் என்பார்கள். வாக்காளர்கள் அப்படி யோசிப்பதில்லை. 2020-ல் மார்னிங் கன்சல்ட் கணிப்புகளில் பைடன் ஆதரவாளர்களிடம் அடுத்து யார் என்று கேட்டபோது, முதலில் வந்த பெயர் பெரும்பாலும் சாண்டர்ஸ். மேசையில் வரைந்த படத்தில் இந்த இருவரும் இரு துருவங்கள்.

புள்ளிவிவரக்காரர்களும் தப்பவில்லை. நேட் சில்வர் டிரம்ப்புக்கு வெகு சொற்பமான வாய்ப்பே கொடுத்திருந்தார். அந்த எண்கள் எந்தக் கணித மாதிரியிலிருந்தும் வரவில்லை, விமர்சகர்கள் மாதிரி மனக்கணக்காகச் சொன்னதுதான் என்று 2016 மே மாதம் அவரே எழுதினார். தசமப் புள்ளியோ சதவீதமோ போட்டுச் சொல்லிவிட்டால் கருத்து கணக்காகிவிடாது.

அந்த ஆண்டில் அதிகம் பேசப்படாத பக்கம் வேறு. 2016 மார்ச்சில் மீடியாக்வாண்ட் நிறுவனத்தின் மதிப்பீடு வந்தது: டிரம்ப் விளம்பரத்துக்குச் செலவழித்தது சுமார் 1 கோடி டாலர், அவருக்கு இலவசமாகக் கிடைத்த ஊடக இடத்தின் மதிப்பு ஏறக்குறைய 190 கோடி டாலர். ஜெப் புஷ்ஷுக்கு விளம்பரம் 8 கோடிக்கு மேல், இலவச இடம் 21 கோடி. டிரம்ப் ஜெயிக்க மாட்டார் என்று ஒரு மணி நேரம் விவாதித்தாலும் அந்த ஒரு மணி நேரம் அவருடையதுதான். சிபிஎஸ் தலைவர் லெஸ் மூன்வெஸ் அந்த பிப்ரவரியில் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: நாட்டுக்கு நல்லதோ இல்லையோ, சேனலுக்கு நல்லது. விமர்சகர் சொல்லும் கருத்தைவிட அந்தக் கருத்து எடுத்துக்கொள்ளும் நேரம்தான் வேட்பாளருக்கு வேலை செய்கிறது. நன்கொடையும் அதன் பின்னாலேயே போகிறது.

2020-ல் பைடனைக் கைகழுவியது எண்ணைப் பார்க்காததால் வந்த வினை. ஐயோவாவில் நான்காம் இடம், நியூ ஹாம்ப்ஷயரில் எட்டரை சதவீதத்துக்கும் குறைவாக வாங்கி ஐந்தாம் இடம். கதை முடிந்தது என்று மேசைகள் முடிவு கட்டின. ஐயோவாவுக்கு 41 டெலிகேட், நியூ ஹாம்ப்ஷயருக்கு 24. மொத்தம் 3,979-ல் 65, இரண்டு சதவீதம்கூட இல்லை. இரண்டுமே பெரும்பாலும் வெள்ளையர் வாழும் மாநிலங்கள். தென் கரோலினா ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர், பைடனின் பலமும் அங்கேதான். பிப்ரவரி 29-ல் அவர் 48 சதவீதத்துக்கு மேல் வாங்கினார், அடுத்த இரண்டு நாளில் போட்டியாளர்கள் பூட்டிஜெட்ஜும் க்ளோபுச்சரும் விலகினார்கள், மார்ச் 3-ல் 14 மாநிலங்களில் 10 அவருக்கு. தென் கரோலினாவுக்கு ஒரு வாரம் முன்புதான் எம்எஸ்என்பிசி சேனலின் கிறிஸ் மேத்யூஸ் நெவாடாவில் சாண்டர்ஸ் ஜெயித்ததை 1940-ல் பிரான்ஸ் நாஜிகளிடம் வீழ்ந்ததோடு ஒப்பிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டிருந்தார்.

அந்த வாரத்தின் கணக்குப் பாடமும் அதே சேனலில்தான். போட்டியில் இருந்த கோடீஸ்வரர் ப்ளூம்பெர்க் விளம்பரத்துக்கு 50 கோடி டாலர் செலவழித்தார், நாட்டின் மக்கள்தொகை 32.7 கோடி, ஆளுக்கு 10 லட்சம் டாலர் கொடுத்திருக்கலாமே என்ற ஒரு ட்வீட்டை நேரலையில் திரையில் போட்டு, நடத்துநரும் விருந்தினரும் ஆமோதித்தார்கள். வகுத்தால் வருவது ஒன்றரை டாலர். அதே நிகழ்ச்சியிலேயே திருத்திக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

தமிழ்த் தொடர்புள்ள இரண்டு பேர் விவாத மேடைத் தீர்ப்புகளின் ஆயுளைக் காட்டுகிறார்கள். 2019 ஜூன் விவாதத்தில் பைடனை மடக்கிய கமலா ஹாரிஸ் அன்றிரவு எல்லா மேசையிலும் வெற்றியாளர். கணிப்புகளில் இரட்டை இலக்கத்துக்குத் தாவினார். டிசம்பர் 3-ல், ஒரு வாக்குகூட விழுமுன், பணமில்லாமல் விலகினார். 2023 ஆகஸ்ட் மில்வாக்கி விவாதம் முழுக்க விவேக் ராமசாமியைப் பற்றித்தான் பேச்சு. ஐயோவாவில் கிடைத்தது 7.7 சதவீதம், நான்காம் இடம், அன்றிரவே விலகல்.

பிரைமரி இரவில் உட்கார்ந்து பார்ப்பதென்றால் சில வேலைகளை முன்பே செய்துகொள்வது நல்லது. யாருக்கு எத்தனை சதவீதம் வரும் என்று விமர்சகர்கள் முந்தைய வாரம் சொன்னதைத் தேதியோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் அந்த எண் சத்தமில்லாமல் மாறும். கிழக்கு நேரப்படி மாலை ஐந்து மணிவாக்கில், வாக்களித்து வெளியே வருபவர்களைக் கேட்டு எடுக்கும் வெளியேறுவோர் கணிப்பின் முதல் தவணை சேனல்களுக்கு வரும். வாக்குப்பதிவு முடியும்வரை வெற்றி தோல்வியைச் சொல்லக் கூடாது என்பதால், ‘இன்று வாக்காளர்கள் மாற்றத்தை விரும்புகிறார்கள்’ என்பது போன்ற மழுப்பல் ஐந்தரைக்கு மேல் தொடங்கும். அந்த முதல் தவணை பின்னால் எடை மாற்றப்படும் எண், அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். முன்கூட்டியே போட்ட வாக்குகளைப் பல மாநிலங்கள் முதலில் எண்ணி வெளியிடும். கடைசி நேரத்தில் ஒருவர் விலகியிருந்தால் அவருக்கு விழுந்து வீணான வாக்குகளும் அந்தக் குவியலில் இருக்கும். கலிஃபோர்னியாவில் தபால் வாக்கு எண்ணி முடிக்க வாரங்கள் ஆகும், அங்கே இரவு வித்தியாசத்தைப் பற்றிய பேச்சுக்கு மதிப்பே இல்லை.

பிறகு டெலிகேட் கணக்கு. ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதம் என்பது வாசல். ஒரு மாநிலத்தில் ஆறு பேர் 30, 20, 14, 14, 13, 9 என்று வாங்கினால் கடைசி நால்வருக்கும் பூஜ்யம். 30 வாங்கியவர் மாநில அளவிலான டெலிகேட்டில் 60 சதவீதத்தை அள்ளுவார். அதோடு ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதிக்கும் தனிக் கணக்கு. நான்கு டெலிகேட் உள்ள தொகுதியில் இருவர் போட்டி, 60-40 என்று ஒருவர் அமோகமாக ஜெயிக்கிறார் என்று வையுங்கள். பங்கு 2.4, 1.6 என்று வரும், முழு எண்ணாக்கினால் இரண்டுக்கு இரண்டு. மூன்றாவது டெலிகேட்டைப் பிடிக்க 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். பக்கத்துத் தொகுதியில் மூன்று டெலிகேட், 51-49 என்றால் இரண்டுக்கு ஒன்று. முதல் தொகுதியின் வெற்றிதான் திரையில் பெரிதாக மின்னும்.

2008-ல் ஒபாமாவின் குழு இந்தக் கணக்கை வைத்துத்தான் ஓடியது. பிப்ரவரி 5-ல் நியூ ஜெர்சியில் ஹிலாரி கிளிண்டன் ஜெயித்தார், டெலிகேட் 59-க்கு 48, லாபம் 11. அதே நாள் ஐடஹோ காகஸில் ஒபாமா 15-க்கு 3, லாபம் 12. நியூ ஜெர்சியில் வாக்களித்தவர்கள் பத்து லட்சத்துக்கு மேல், ஐடஹோவில் 20 ஆயிரம் சொச்சம். மேசைகளில் நியூ ஜெர்சிக்கு மணிக்கணக்கு, ஐடஹோவுக்கு ஒரு வரி. மார்ச் 4-ல் ஓஹாயோவும் டெக்சஸும் கிளிண்டனுக்கு என்று ‘மறுபிறப்பு’ பேசினார்கள். டெக்சஸில் பிரைமரியோடு காகஸும் உண்டு, இரண்டையும் கூட்டினால் ஒபாமாவுக்கு 99, கிளிண்டனுக்கு 94. அந்த முழு இரவில், நான்கு மாநிலங்களையும் சேர்த்து, கிளிண்டனுக்குக் கிடைத்த நிகர லாபம் விரல் விட்டு எண்ணக்கூடியது. மொத்தக் கணக்கில் அவர் நூறு டெலிகேட்டுக்கு மேல் பின்தங்கியிருந்தார்.

மே 6-ல் வட கரோலினாவில் ஒபாமா பதினான்கு புள்ளி போல ஜெயித்தார், இண்டியானாவில் கிளிண்டன் ஒரு புள்ளியில் தப்பினார். நள்ளிரவு தாண்டி எம்எஸ்என்பிசியில் அரசியல் செய்தியாளர் டிம் ரஸர்ட், வேட்பாளர் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது, யாரும் மறுக்கப் போவதில்லை என்றார். அதை அந்த இரவின் பெரிய செய்தியாக மற்ற சேனல்களும் எடுத்துப் போட்டன. பிப்ரவரியில் ஒபாமா வரிசையாகப் பதினொரு போட்டிகளை ஜெயித்து முடித்தபோதே, மீதமிருந்த டெலிகேட்டுகளை வைத்து அந்த இடைவெளியைக் கிளிண்டன் அடைப்பது ஏறக்குறைய முடியாத காரியமாகியிருந்தது. அவர் ஜூன் 7 வரை போட்டியில் இருந்தார்.